கொடுப்பவனின் ‘மாட்டேன்’

தானம் என்றதும் கர்ணன் ஞாபகம் வந்துவிடுகிறது நமக்கு. கவசத்தை அறுத்துக் கொடுத்தவனுக்குப் புண் ஆற எத்தனை நாளாச்சு என்று நாம் கேட்பதில்லை. எலும்பு மஜ்ஜைக் கொடையின் வரலாற்றை இந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்து வாசித்துப் பார்க்கலாம்.

1958 அக்டோபரில் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் விபத்து. கதிர்வீச்சுக்கு ஆளானவர்கள் பாரீசுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜார்ஜ் மாத்தே என்கிற மருத்துவர் அவர்களில் ஐவருக்கு முன்பின் அறியாத பிரெஞ்சுக்காரர்களின் மஜ்ஜையைச் செலுத்தினார். ஒருவர் இறந்தார். செலுத்திய மஜ்ஜை ஒட்டியதா, உதவியதா என்றெல்லாம் மருத்துவம் நிறையப் பேசியது. அப்ப கொடுத்தவங்க? நோயற்ற உடம்பு மருத்துவச் சொல்லாடலுக்குள் மூலப்பொருளாகத்தான் நுழைகிறது.

1974இல் லண்டனில் ஷெர்லி நோலன் தன் மகன் அந்தோணிக்காகக் கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். மகனுக்குப் பொருத்தமானவர் கிடைக்கவேயில்லை, 1979இல் இறந்துபோனான். பதிவேடு நிலைத்தது. ஆனால் ஒரு தாயின் முகத்துக்கு எதிரே ‘யோசிச்சு சொல்றேன்’ என்பதே குற்றமாகிவிடும் இல்லையா?

இந்தக் குற்றம் 1978இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நீதிமன்றத்துக்கே வந்தது. சாகக்கிடந்த ஒருவர், மஜ்ஜை தர மறுத்த உறவினர்மேல் வழக்குப் போட்டார். மறுப்பு ஒழுக்கரீதியில் நியாயப்படுத்த முடியாதது என்றார் நீதிபதி ஃப்ளாஹெர்டி. ஆனாலும் கட்டாயப்படுத்த மறுத்தார். நோயாளி சில வாரங்களில் இறந்தார். கசப்பான தீர்ப்புதான். ஆனால் இந்த ‘மாட்டேன்’ இல்லாத இடத்தில் ‘சரி’ என்பதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

1994இல் உலக மஜ்ஜைக் கொடையாளர் சங்கம் முறையாக அமைந்தது. அது வகுத்த நெறிகள் இந்த ‘மாட்டேன்’ஐக் காப்பாற்றுகிற ஏற்பாடுகள். கொடுப்பவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் நோயாளியின் சிகிச்சைக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. ஒருவர் அடையாளம் மற்றவருக்குத் தெரியக் கூடாது. கொடுத்த பிறகும் அவர் உடம்பைக் கவனித்துவர வேண்டும். இன்று பெரும்பாலும் ஊசிமருந்து போட்டு ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களை எடுக்கிறார்கள். நோயில்லாதவருக்கு மருந்து ஏற்றுகிறோம் என்பதால் இந்தக் கவனிப்பு முக்கியமாகிறது.

ஓரிடத்தில் மட்டும் ‘மாட்டேன்’ கொலைக்கு நெருக்கமாகிறது. நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழித்தபிறகு கொடுப்பவர் பின்வாங்கினால் நோயாளி சாகக்கூடும். அதனால்தான் அழிப்பு தொடங்குமுன் இதை ஒளிக்காமல் சொல்லி இறுதிச் சம்மதம் வாங்குகிறார்கள்.

கொடுப்பவரின் பாதுகாப்பு, பெறுகிறவரின் பாதுகாப்பு என்று இரண்டாகப் பிரிப்பதே தவறென்று படுகிறது. காசுக்கு ரத்தம் விற்பவன் தன் நோயை மறைக்கக் காரணமிருக்கிறது என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் வாதிட்டார். காசின் இடத்தில் குடும்பத்தின் நெருக்குதலை வைத்துப் பாருங்கள். மறுக்க முடியாதவன் தனக்கு வந்த மஞ்சள்காமாலையையும் சொல்ல மாட்டான். சும்மா விலகிப்போக வழியுள்ளவன்தான் உள்ளதைச் சொல்வான். அவன் சொல்கிற உண்மையை நம்பித்தான் படுக்கையில் இன்னொருவன் கிடக்கிறான்.