கிகாலியிலிருந்து சென்ற தொலைநகல்

பகைமையையே கொள்கையாகக் கொண்ட கூட்டத்தார் விடுக்கும் மிரட்டல்களில் எது வெறுங்கூச்சல், எது செயலாக மாறப்போவது என்று பிரித்தறிவது ஆள்வோர்க்கு என்றும் அரிதாகவே இருந்து வந்துள்ளது. 1994 ஆம் ஆண்டில் அவ்வறிவு தவறியதால் ருவாண்டா நாடு இழந்த உயிர்கள் ஏறத்தாழ 8 இலட்சம்.

அந்நாட்டின் பெரும்பான்மையினர் ஹூட்டு இனத்தார். சிறுபான்மையினர் துட்சி இனத்தார். இருவரும் ஒரே மொழி பேசி, ஒரே குன்றுகளில் அண்டை அயலாராக வாழ்ந்தவர்கள். பெல்ஜியர் ஆட்சியில்தான் அடையாள அட்டையில் இனத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. 1990 இல் துட்சி அகதிகளின் படை உகாண்டாவிலிருந்து புகுந்து போர் தொடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் 'கங்குரா' என்னும் இதழ், துட்சிகளோடு மணவுறவோ வாணிக உறவோ கொள்ளும் ஹூட்டு ஒரு துரோகி என்னும் கருத்தமைந்த பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. 1993 ஜூலையில் 'ஆயிரம் குன்றுகள்' வானொலி தோன்றியது. இனிய இசையும் நகைச்சுவையும் கலந்து, துட்சிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று அது ஏசியது. சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கொடுஞ்சொல்லை யார்தான் எளிதில் அஞ்சுவர்?

1994 ஜனவரி 11 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அமைதிப் படையின் தளபதி, கனடா நாட்டவரான ரோமியோ டலேர், தலைநகர் கிகாலியிலிருந்து நியூயார்க்கிற்கு ஒரு தொலைநகல் அனுப்பினார். இந்தரஹாம்வே என்னும் குண்டர் படையைப் பயிற்றுவிப்பவன் ஒருவன் கூறிய செய்தி அதில் இருந்தது. கிகாலியிலுள்ள துட்சிகள் அனைவரையும் பதிவு செய்யுமாறு தனக்கு ஆணை வந்துள்ளது என்றான் அவன். தன் ஆட்கள் 20 நிமிடத்தில் 1000 பேர் வரை கொல்ல வல்லவர்கள் என்றான். பெல்ஜியப் படைவீரர் சிலரைக் கொன்று, பெல்ஜியத்தைப் பின்வாங்கச் செய்வதும் திட்டம் என்றான். ஆயுதக் கிடங்கைக் காட்டவும் முன்வந்தான். தனக்கும் மனைவி மக்களுக்கும் அடைக்கலம் வேண்டினான்.

ஒற்றன் ஒருவன் சொல்லை மற்றொருவனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. டலேரும் கண்மூடி நம்பிவிடவில்லை. அவனது திடீர் மனமாற்றம் ஐயத்திற்குரியது, இது பொறியாகவும் இருக்கலாம் என்று அத்தொலைநகலிலேயே குறித்திருந்தார். அவன் கூற்றில் எவ்வளவு உண்மை என்பது பற்றி ஆய்வாளரிடையே பின்னாளிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆயினும் ஒத்துப் பார்க்கும் வழி டலேர் கையில் இருந்தது. சொல்லின் கடுமையைவிட ஆயத்தத்தின் அளவே மிரட்டலின் மெய்ம்மையைக் காட்டும்; அவ்வாயத்தமோ கிடங்கில் கிடந்தது. 36 மணி நேரத்திற்குள் அங்குச் சென்று சோதனையிட அவர் முனைந்தார்.

கோபி அன்னான் தலைமையில் இருந்த அமைதிகாப்புத் துறை அதற்கு இசையவில்லை. அச்செயல் படைக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது என்றும், செய்தியை அதிபர் ஹப்யாரிமானாவிடமே தெரிவிக்குமாறும் பதில் வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட கூட்டமோ அவருடைய கட்சியின் இளைஞர் படை! முந்திய அக்டோபரில் சோமாலியாவில் 18 அமெரிக்க வீரர்கள் மாண்டிருந்தனர். அந்த அச்சம் நியூயார்க் அலுவலகங்களை விட்டு அகலவில்லை.

ஏப்ரல் 6 இல் அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பெல்ஜிய வீரர் 10 பேர் கொல்லப்பட்டனர். பெல்ஜியம் தன் படையை விலக்கிக்கொண்டது. ஏப்ரல் 21 இல், கொலைகள் நாடெங்கும் நடந்துகொண்டிருக்கையிலேயே, பாதுகாப்பு மன்றம் அமைதிப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது.

வானொலி இப்போது ஒளிந்திருப்போரின் பெயர்களையும் இருப்பிடங்களையும் அறிவித்தது. அதன் அலைவரிசையை விமானத்திலிருந்து முடக்கலாமா என்னும் வினா அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முன் வந்தது. மே 5 ஆம் நாள் குறிப்பொன்றில், பறக்கும் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 8500 டாலர் செலவாகும், பயனும் ஐயத்திற்குரியது என்று எழுதி அத்துறை அதனைக் கைவிட்டது. ஜூலையில் கிகாலி வீழும் வரை அவ்வானொலி ஓயவில்லை.