பழைய அட்டைகளும் வங்கிகளின் வாக்குறுதியும்

கடன் அட்டை குறித்து உலமாக்கள் நடத்திய விவாதங்கள் பெரும்பாலும் வட்டி என்னும் ஒரே அச்சில் சுழன்றவை. அது இயல்பே. ஆயினும் செலவிடும் தொகைக்கேற்ப வங்கி அளிக்கும் வெகுமதிப் புள்ளிகளும் ஃபிக்ஹின் நோக்கில் தனியே ஆராயத்தக்கவை. புள்ளிகள் தருவதாக ஒரு வாக்கு அளிக்கப்படுகிறது. சில ஆண்டுகளில் அந்த அட்டையே மறைந்து, அதனிடத்தில் வேறோர் அட்டை வருகிறது. அந்த வாக்கின் கதி என்ன என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வினா.

இவ்வழக்கம் மிகப் பழையதன்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981இல் தன் பயணிகளுக்கு மைல் கணக்கில் வெகுமதி வழங்கத் தொடங்கியது. 1987இல் சிட்டி வங்கி அதனோடு கைகோத்து, அட்டையில் செலவிடும் டாலருக்கும் மைல் சேரும் என்றது. இடையில் 1986இல் டிஸ்கவர் அட்டை, செலவில் ஒரு பகுதியைப் பணமாகவே திருப்பித் தந்தது. இவையெல்லாம் வானிலிருந்து இறங்கிய மன்னு ஸல்வா அல்ல. வணிகரிடம் பிடிக்கும் கழிவும், பாக்கியை முழுதாகச் செலுத்த இயலாதவர் கட்டும் வட்டியுமே இதன் ஊற்றுகள். பாஸ்டன் மத்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, ரொக்கம் கொடுத்து வாங்கும் அமெரிக்கக் குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை அட்டைக்காரர்களுக்குத் தன்னையறியாமல் கொடுக்கிறது. அட்டை வைத்திருக்கும் குடும்பமோ 1,133 டாலர் பெறுகிறது. வறியவன் கொடுக்கச் செல்வன் பெறும் இந்த ஏற்பாட்டைப் பரிசு என்றழைப்பதில் நமக்குத் தயக்கமுண்டு.

செலவழிக்கப்படாத புள்ளிகள் வங்கியின் ஏடுகளில் கடனாக நிற்கின்றன. தாராளமான பழைய நிபந்தனைகள் நாளடைவில் சுமையாகின்றன. ஆனால் அட்டையை ஒரே நாளில் ஒழித்தால் வாடிக்கையாளர் விலகிப்போவர். எனவே வங்கி படிப்படியாகச் செல்கிறது. அமெரிக்காவில் சிட்டியின் பிரெஸ்டீஜ் அட்டை இதற்கு நல்ல சான்று. 2019 செப்டம்பரில் அதன் காப்பீட்டுச் சலுகைகள் பல நீக்கப்பட்டன. 2021இல் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. பழையவர்கள் மட்டும் எஞ்சினர். அதே வங்கியின் பிரீமியர் அட்டை 2024 மே மாதத்தில் ஸ்ட்ராட்டா பிரீமியர் என்று பெயர் மாறியது.

இந்தியாவில் இது நம் வாசகர் பலரின் கைக்கே வந்தது. 1902 முதல் இந்நாட்டில் இயங்கிவரும் சிட்டி வங்கி, தன் சில்லறை வங்கித் தொழிலைக் கைவிடுவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. 2023 மார்ச் 1 அன்று அத்தொழில் ஆக்சிஸ் வங்கியின் கைக்கு மாறியது. 2024 ஜூலையில் அட்டைகளும் மாறின: பிரீமியர் மைல்ஸ் அட்டை ஹொரைசன் ஆயிற்று, இந்திய பிரெஸ்டீஜ் ஒலிம்பஸ் ஆயிற்று. மாற்றத்துக்கு முன் சேர்ந்த சிட்டி வெகுமதிப் புள்ளிகளுக்குக் காலாவதி இல்லை என்றும், பின்னர்ச் சேர்பவற்றுக்கு மூன்றாண்டு எல்லை என்றும் வகுக்கப்பட்டது.

இப்பகுப்பு நம் ஃபகீஹுகளுக்குப் புதிதன்று. புள்ளியை ஹிபா, அதாவது நன்கொடை எனக் கொண்டால், ஷாஃபிஈ மத்ஹபின்படி கைப்பற்றும் வரை அது நிறைவுறாது, கொடுப்பவர் பின்வாங்கலாம். வங்கிகளுக்கு உவப்பான விளக்கம் இதுவே. ஆனால் இன்ன அளவு செலவிட்டால் இன்னது தருவேன் என்பது ஜுஆலாவைப் போன்றதன்றோ? ஜுஆலாவில் வேலை முடியும் முன் அறிவிப்பைத் திரும்பப் பெறலாம். முடிந்தபின் கூலி கடமையாகிவிடும். மேலும், 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, ஒரு காரணத்தோடு பிணைக்கப்பட்டு, அதை நம்பியவர் செலவும் செய்துவிட்ட வாக்குறுதி சட்டப்படியும் கட்டுப்படுத்தும் என்று தீர்மானித்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் சேர்ந்துவிட்ட புள்ளி கடன். சேரவிருப்பது மட்டுமே மாற்றத்துக்குரியது. எந்நேரமும் எதையும் மாற்றலாம் என்று வங்கிகள் சிற்றெழுத்தில் எழுதிக்கொள்ளும் விதி, சேர்ந்த புள்ளிக்கும் செல்லும் என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

அட்டையே ஆகுமா என்ற மூலக்கேள்வி ஒருபுறம் இருக்கவே செய்கிறது. அதே அகாதமி 2000 செப்டம்பரில் ரியாதில் கூடியபோது, வட்டி நிபந்தனையுள்ள கடன் அட்டையை, தவணைக்குள் முழுதும் செலுத்தும் எண்ணமுடையவருக்கும் அனுமதிக்கவில்லை. இந்தியாவில் வட்டியில்லா வங்கித் திட்டத்தை மேற்கொண்டு முன்னெடுப்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் முடிவு செய்துவிட்ட நிலையில், மாதந்தோறும் பாக்கியின்றிக் கட்டிவிடுவோம் என்ற உறுதியில் அட்டை வைத்திருப்போர் நம்மிடையே குறைவல்லர். அவர்களுடைய உரிமை என்ன என்பதும் கேட்கப்பட வேண்டியதே.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, சம்மதமின்றி அட்டையை உயர்த்திக் கட்டணம் விதித்தால் அக்கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதன் இருமடங்கை அபராதமாகவும் தரவேண்டும் என்றது. கட்டண மாற்றம் பாதகமெனக் கண்டவர் நிலுவையைச் செலுத்திவிட்டுத் தனிக்கட்டணமின்றி அட்டையை ஒப்படைக்கவும் வழி செய்தது. இது ஏறத்தாழ ஃபிக்ஹ் கூறும் கியார் உரிமையே. ஆனால் அவ்வாறு ஒப்படைப்பவர் அதற்கு முன் புள்ளிகளைப் பயன்படுத்திக்கொள்ளாவிடில், பல வங்கிகளின் விதிப்படி அவை அட்டையோடு அழிந்துபோகின்றன.