மண்கோட்டைகளைத் தேடி: ராஜபாளையத்திலிருந்து மேற்கும் கிழக்கும்

திருவண்ணாமலை என்றதும் அக்கினித் தலத்தை நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் அதே பெயரில் ஒரு சிற்றூர் உண்டு. அங்கே குன்றின்மேல் இருப்பவர் சீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்று வட்டாரத்தார் சொல்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நிற்க இடம் இராது. மற்ற நாட்களில் அமைதியான இடம்; படியேறி நின்றால் மேற்கே மலைத்தொடர், கிழக்கே விரிந்து கிடக்கும் சமவெளி. இந்தக் கட்டுரையின் நிலவியல் முழுவதும் அந்த ஒரே பார்வைக்குள் அடங்கும்.

மேற்கே மலையடிவாரத்துச் செம்மண்ணில் மறவர் பாளையங்கள்: சேத்தூர், சிவகிரி, தலைவன்கோட்டை, நெற்கட்டும்செவல், ஊற்றுமலை. கிழக்கே கரிசலில் தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். அவற்றுள் புகழ்பெற்றது பாஞ்சாலங்குறிச்சி. மதுரை நாயக்கராட்சியில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் எழுபத்திரண்டு கொத்தளங்களையும் ஆளுக்கொன்றாக ஒப்படைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தக் கணக்கு அத்தனை சுத்தமாக இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியதுதான். ஆனால் பாளையம் என்ற சொல் பொய் சொல்லாது. படை தங்கும் இடம் பாளையம். தங்கிய படை குடும்பத்தோடு தங்கி, கிணறு வெட்டி, காடு திருத்தி, வரி வாங்கத் தொடங்கினால் அந்தப் பாசறை ஊராகிவிடுகிறது. எல்லைக்கோட்டை வேறு, முதற்குடியேற்றம் வேறு என்று பிரித்துப் பேசும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. இங்கே இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான்.

ராஜபாளையம் இதற்கு நல்ல சான்று. விஜயநகரப் பேரரசின் காலத்தை ஒட்டி ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்த ராஜுக்களின் பாளையம் அது. இன்றைக்கும் நகரத்தின் பகுதிகளைப் பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாக்கோட்டை என்றே சொல்கிறார்கள். சிங்கராஜாக்கோட்டையில் கோட்டையைத் தேடிப் போகிறவர் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். ஆனால் அங்கே சாவடி இருக்கிறது. ஊர்வழக்கு பேசவும், நல்லது கெட்டது முடிவு செய்யவும், திருவிழாவுக்குக் கூடவும் ஏற்பட்ட இடம். மதில் போன பிறகும் மதிலுக்குள் கூடிய கூட்டம் கலையாமல் இருப்பதன் அடையாளமாக நான் அதைக் காண்கிறேன். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ் என்று பல தலைமுறைகளாக வாழும் இந்தச் சமூகத்திலிருந்துதான் பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய பஞ்சாலை இந்த ஊரின் முகத்தையே மாற்றியது. ஊரின் பெயர் தாங்கிய வெள்ளை வேட்டைநாய்க்கு 2005இல் அஞ்சல்தலையும் வந்துவிட்டது.

குடியேற்றத்தைப் பற்றி நினைக்கும்போது இரண்டு பெயர்கள் மனத்தில் வருகின்றன. ஒன்று கி. ராஜநாராயணன். 1976இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில், தெற்கே ஓடிவந்த கம்மவார் குடும்பங்கள் காட்டுக்குத் தீ வைத்து அழித்துக் கரிசலை விளைநிலமாக்குகிறார்கள். கல்வெட்டும் செப்பேடும் சொல்லாத வேலையை அந்த நாவல் செய்தது. மற்றவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர். 1893இல் அவர் முன்வைத்த கருத்தின்படி, மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே போன எல்லைதான் அமெரிக்கரின் இயல்பை உருவாக்கியது. அதில் ஒரு பெரிய ஓட்டை: எல்லைக்கு அப்பால் கிடந்தது வெற்றுநிலம் என்ற பாவனை. அங்கே முன்பே மக்கள் வாழ்ந்தார்கள்.

நம்மிடமும் அதே பாவனை உண்டு. குலவரலாறுகளில் ‘நாங்கள் வந்தபோது இங்கே முள்ளும் புதருமாக இருந்தது’ என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் வாழும் பளியர்களைக் கேட்டால் வேறு கதை கிடைக்கும். அவர்களுக்கு அது ஒருபோதும் வெறும் காடாக இருந்ததில்லை. நாயக்கருக்கும் மறவருக்கும் முன்பே சமவெளியில் ஏரோட்டிய உழுகுடிகளுக்கும் குலவரலாறு எழுதித் தரக் கவிராயர் கிடைக்கவில்லை. நெல்லைச் சீமையின் குடியானவர் வரலாற்றை எழுதிய டேவிட் லடன், ஆற்றுப்பாசன நிலம், மலையடிவாரத்துக் கலப்பு நிலம், கிழக்கின் வறண்ட கரிசல் என மண்ணைப் பிரித்து, அந்தந்த மண்ணில் யார் மேலோங்கினார்கள் என்று காட்டினார். அவரைப் படித்த பிறகு கோட்டைகளைத் தனியே பார்க்க முடிவதில்லை. மண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

கோட்டைகளும் மண்தான். வேலூரையும் செஞ்சியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதை ஏற்பது சற்றுக் கடினம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801 போரில் நேரில் கண்ட ஜேம்ஸ் வெல்ஷ், பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அளவு தருகிறார்: ஏறத்தாழ ஐந்நூறு அடி நீளம், முந்நூறு அடி அகலம், பன்னிரண்டடி உயர மண்சுவர், சிறு சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி கிடையாது. ஒரு நடுத்தரப் பள்ளிக்கூட வளாகம் அளவுதான். அதற்குள் இருந்துகொண்டு கும்பினிப் படையை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். கல்மதிலில் குண்டு பட்டால் கல் சிதறும், மதில் விரிசல் விடும். பிசைந்து இறுகிய மண்ணிலோ குண்டு புதைந்து போகும். பிளவு விழுந்தாலும் இரவோடிரவாக அடைத்துவிடலாம். ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில், சிவகிரியைத் தாண்டினால் வரும் வாசுதேவநல்லூரில் இதுவே நடந்தது. 1759 டிசம்பரில் யூசுப்கான் அந்தக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினான். 1761இல்தான் பூலித்தேவரின் கோட்டைகள் அவன் கைக்கு வந்தன. 1767இல் கேம்பெல் மீண்டும் முற்றுகையிட்டபோது, பீரங்கி பிளந்த இடங்களை உள்ளே இருந்தவர்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் வைக்கோலும் பனையும் களிமண்ணும் கொண்டு அடைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பெருமழை பெய்த இரவொன்றில் கோட்டையை விட்டு வெளியேறி மலைப்பக்கம் மறைந்தார்கள்.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். பாளையக்காரர்கள் அனைவரும் தத்தம் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று மேஜர் பானர்மன் ஆணையிட்டான். ஆணை நிறைவேறியது, பாஞ்சாலங்குறிச்சியும் இடிபட்டது. ஆனால் 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பியதும், ஒரு வாரத்துக்குள் அந்தக் கோட்டை மறுபடி எழுந்து நின்றது. மண்ணும் தண்ணீரும் ஊராரின் கையும் இருந்தன, வேறென்ன வேண்டும்? மார்ச் 31இல் நடந்த தாக்குதலில் கும்பினிக்குப் பெரும் உயிர்ச்சேதம். மே 24இல் அக்னியூ தலைமையில் கோட்டை விழுந்தது. இம்முறை சுவரை இடித்ததோடு விடவில்லை. தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று நெல்லைச் சீமையில் சொல்லக் கேட்கலாம். 1803இல் ஜமீன் முறை வந்தது. காவல் உரிமை போய், பாளையக்காரர் வரி கட்டும் ஜமீன்தார் ஆனார்.

ஆகவே பயணம் போகிறவருக்குப் பார்க்கக் கிடைப்பது என்ன? பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை இருக்கிறது. எழுப்பியவர்களின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் தோற்றத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அரண்மனைக் கம்பீரத்தோடு நிற்கும் அந்தக் கட்டடம், பன்னிரண்டடி மண்சுவருக்குப் பின்னால் நின்ற துணிச்சலைக் குறைத்துவிடுகிறது. குழந்தைகள் அதைப் பார்த்து, இவ்வளவு பெரிய கோட்டை இருந்ததால்தான் எதிர்த்தார்கள் என்று எண்ணிக்கொள்வார்கள். 1968-69இல் அகழாய்வு நடந்த பழைய மேட்டைத்தான் முதலில் அவர்களுக்குக் காட்ட வேண்டும். பக்கத்தில் ஆங்கிலச் சிப்பாய்களின் கல்லறைகளும் உண்டு. அவற்றையும் விட்டுவிடக் கூடாது.

மேற்குப் பாளையங்களின் கதை வேறு மாதிரித் தொடர்ந்தது. படை வைக்கும் உரிமை போன ஜமீன்கள் புலவர்களை வைத்துக்கொண்டன. ஊற்றுமலை இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பிறந்தது. சேற்றூர் அரண்மனையைச் சார்ந்தும் கவிராயர் குடும்பங்கள் வாழ்ந்தன. தமிழ் படித்தவர்கள் இந்த ஊர்களுக்குப் போகும்போது இடிந்த சுவரை மட்டும் தேடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. கண்மாய்க் கரையில் சற்று நின்று பார்க்கலாம். கோட்டையை இடிக்கச் சொன்ன பானர்மனின் ஆணையில் கண்மாய் இல்லை. கும்பினிக்கும் வரி வேண்டும், வரிக்கு விளைச்சல் வேண்டும், விளைச்சலுக்குத் தண்ணீர் வேண்டும். அதனால் கரைகள் தப்பின. கோட்டைச் சுவரைப் போலவே அவையும் வெறும் மண்ணால் ஆனவை. மழைக்காலத்துக்கு முன்னால் யாராவது போய் உடைப்புகளை அடைத்தால்தான் நிற்கும்.