மாய மையிலிருந்து ஏழு நொடிச் சீட்டு வரை

இன்றைய வடகிழக்கு மும்பை மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பகுதிகளுள் இரண்டு காட்கோபரின் பெயரைத் தாங்கியவை. 1977-இலும் 1980-இலும் இத்தொகுதியில் ஜனதா கட்சி சார்பில் வென்றவர் மயிலாப்பூரில் பிறந்த சுப்பிரமணியன் சுவாமி. இரண்டுமே காகித வாக்குச்சீட்டில் நடந்த தேர்தல்கள். ஒரு தலைமுறை கழித்து, வாக்குப்பதிவு இயந்திரத்திற்குக் காகிதச் சான்று வேண்டுமென உச்ச நீதிமன்றம் சென்றவரும் அவரே.

எனினும் காகிதத்தின் காலம் ஐயமற்ற பொற்காலம் அன்று. 1971-இல் இந்திரா காந்தியின் காங்கிரஸ் 352 இடங்களில் வென்றபோது, தெற்கு டெல்லியில் தோற்ற ஜனசங்கத்தின் பல்ராஜ் மதோக், வாக்குச்சீட்டுகளில் இரசாயனம் பூசப்பட்டிருந்ததாக வழக்குத் தொடுத்தார். வாக்காளர் இட்ட முத்திரை மறைந்துவிடும். பசுவும் கன்றும் சின்னத்தின்மேல் முன்கூட்டியே இடப்பட்ட முத்திரை தானே வெளிப்படும் என்பது குற்றச்சாட்டு. இன்று நகைப்புக்குரியதாகத் தோன்றும் இவ்வாதத்தை நீதிமன்றம் நகைத்து ஒதுக்கவில்லை. சில வாக்குச்சீட்டுகளை ஆய்வு செய்ய வழிவிட்டது. குற்றச்சாட்டு நிலைக்கவில்லை.

இயந்திரம் 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் அறிமுகமாயிற்று. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது, முடிவே மாறிற்று. 1989-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது.

மும்பை இவ்வரலாற்றில் மீண்டும் நுழைவது 2010-இல். ஐதராபாத்துப் பொறியாளர் ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கொங்கிரைப் ஆகியோர் ஓர் உண்மையான இயந்திரத்தைக் கையிலெடுத்து, அதன் காட்சிப் பலகையை மாற்றி முடிவைத் திரிக்க இயலும் என்று காட்டினர். அவ்வியந்திரம் மும்பை ஆட்சியரகக் கிடங்கிலிருந்து திருடப்பட்டது என்று ஆகஸ்டில் பிரசாத் கைதானார். ஆய்வின் தொழில்நுட்ப முடிவுகளைக் காட்டிலும் கனமான கேள்வியை எழுப்பியது இக்கைதுதான்: பூட்டிய கிடங்கிலிருந்து இயந்திரம் வெளியேறியது எப்படி?

2013 அக்டோபர் 8 அன்று, தலைமை நீதிபதி ப. சதாசிவம், ரஞ்சன் கோகோய் அமர்வு சுவாமியின் வழக்கில் காகிதச் சான்று இன்றியமையாதது என்றது. அவ்வாறு வந்ததே ஏழு நொடி கண்ணுக்குத் தெரிந்து பெட்டிக்குள் விழும் ஒப்புகைச் சீட்டு.

ஆனால் சீட்டு இருப்பது வேறு, எண்ணப்படுவது வேறு. 2019-இல் சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து சாவடிகள் என வரையறுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலமோ 2020-இல் அதிபர் தேர்தலின் ஏறத்தாழ 50 இலட்சம் வாக்குகளையும் கையால் எண்ணியது. வெற்றியாளர் மாறவில்லை, ஐயமும் தணியவில்லை. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. தோற்றவர் தோல்வியை ஒப்பாதபோது எண்ணிக்கை மட்டும் என்ன செய்யும்?

தோற்றவர் மட்டுமே ஐயுறுவர் என்பதும் பிழை. 2024-இல் சோலாப்பூர் மாவட்ட மார்க்கட்வாடி ஊரார் ஆதரித்த வேட்பாளர் மால்சிரஸ் தொகுதியில் வென்றார். தம் ஊரில் அவருக்குக் குறைந்த வாக்கே பதிவானதாகக் காட்டப்பட்டதை நம்பாத அவர்கள், டிசம்பர் 3 அன்று தாமே வாக்குச்சீட்டில் தேர்தல் நடத்த முற்பட்டனர். காவல்துறை தடுத்தது, சீட்டுகள் பயன்படாமலே போயின.