அடைப்புக்குறிக்குள் ஒரு சாதி

ராணுவம் என்றதும் நமக்குச் சீருடையும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த முகாமில் கக்கூஸ் கழுவியவரும் தண்ணீர் சுமந்தவரும் நினைவுக்கு வருவதில்லை. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் இவர்களை 'ஃபாலோயர்' என்றது, அதாவது பின்தொடர்பவர். முதல் உலகப் போருக்கு இந்தியாவில் திரட்டப்பட்ட சுமார் 14 லட்சம் பேரில் 5.6 லட்சம் பேர் சண்டையிடாத இந்தப் பிரிவினர்.

பின்தொடர்பவர்களுக்குள்ளும் மேல், கீழ் உண்டு. கோவேறு கழுதை ஓட்டியவரும் ஸ்ட்ரெச்சர் தூக்கியவரும் மேல்நிலை. கூட்டியவரும் வெளுத்தவரும் கீழ்நிலை. சம்பளமும் அந்த வரிசையிலேயே இறங்கியது.

சிப்பாய் வேலையின் கதவோ வேறு மாதிரி இயங்கியது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்த அதே ராணுவம், 1890களில் மகர்களைச் சிப்பாய்களாகச் சேர்ப்பதை நிறுத்தியது. ஆள் தேவைப்பட்டதும் 1917-ல் மகர் படைப்பிரிவைத் தொடங்கியது. போர் முடிந்த பின் 1921-ல் கலைத்தது. அடுத்த போர் வந்ததும் 1941-ல் மீண்டும் தொடங்கியது. துப்பாக்கி தேவைக்கு மட்டும் தரப்பட்டது. துடைப்பத்துக்கு அப்படித் தடை எதுவும் வரவில்லை.

விடுதலைக்குப் பின், ராணுவப் பொறியியல் பணிகள், ஆயுதக் கிடங்குகள், ராணுவ மருத்துவமனைகள் ஆகியவற்றில் இந்த வேலைகளைப் பெருமளவில் 'சிவிலியன்' ஊழியர்கள் செய்தார்கள். முதலில் அவர்கள் நான்காம் வகுப்பு. 1970களில் குரூப் டி. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் குரூப் சி, பதவிப் பெயர் எம்.டி.எஸ். அதாவது பல வேலை செய்பவர். ஆனால் ராணுவப் பிரிவுகளின் ஆள்சேர்ப்பு விளம்பரங்களைப் பாருங்கள்: 'எம்.டி.எஸ். (சஃபாய்வாலா)'. பெயர் உயர்ந்தது, சாதி அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலைப் பாதுகாப்பிலும் இவர்கள் தனிதான். உரிய விசாரணை இல்லாமல் அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 311-வது பிரிவு. ராணுவ நிதியில் சம்பளம் வாங்கும் சிவிலியன்களுக்கு அது பொருந்தாது என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவர்களுக்கு இருப்பது பணி விதிகளின் பாதுகாப்பு மட்டுமே. விதியை அரசே மாற்றலாம், சாசனத்தை அப்படி மாற்ற முடியாது.

இப்போது துப்புரவு வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே குரூப்பும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. துடைப்பத்தைப் பிடிக்கும் கை மட்டும் மாறவில்லை.

தோழர்களே, 'எங்கள் துறையில் பட்டியல் சாதியினர் 15 சதவீதத்துக்கும் மேல்' என்று யாராவது சொன்னால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். மத்திய அரசே தன் பழைய இடஒதுக்கீட்டுப் புள்ளிவிவரங்களில் துப்புரவாளர்களைக் குரூப் டி-யிலிருந்து பிரித்துத் தனி வரியில் காட்டி வந்தது. சேர்த்து எண்ணினால் கணக்கு வீங்கும் என்பது அரசுக்கே தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது மொத்த எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். குரூப் வாரியாகக் கேளுங்கள், துப்புரவுப் பணியைத் தனியாகக் கேளுங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக் கேளுங்கள். நாம் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும்.