வாஷிங்டன் என்னும் பெயர்

தந்தையின் பெயரை முன்வைத்துத் தம் பெயரைக் கூறும் தமிழ் மக்களுக்கு, தலைமுறை தலைமுறையாக ஒரே குடிப்பெயரைத் தாங்கிவரும் மேனாட்டு வழக்கம் சற்றுப் புதுமையானதே. அவ்வழக்கில் ஒரு பெயர் எங்கெல்லாம் சென்று சேரும் என்பதற்கு வாஷிங்டன் என்னும் பெயர் நல்ல சான்றாகும்.

இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹம் பகுதியில் வாஷிங்டன் என்றோர் ஊர் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் அவ்வூரைப் பெற்ற பிரபு ஒருவர் ஊர்ப்பெயரையே தம் குடிப்பெயராக்கிக் கொண்டார். அக்குடியில் வந்த ஜோன் வாஷிங்டன் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடல் கடந்து வர்ஜீனியாவில் குடியேறினார். அவருடைய பேரனின் மகனே ஐக்கிய அமெரிக்காவின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன். 1791இல் புதிய தலைநகருக்கும், 1853இல் மேற்குக் கரையில் வகுக்கப்பட்ட ஆட்சிப் பகுதிக்கும் அவர் பெயர் சூட்டப்பெற்றது. பின்னையது 1889இல் மாநிலமாயிற்று. ஊரிலிருந்து மனிதருக்கு வந்த பெயர் மனிதரிலிருந்து மீண்டும் ஊருக்குச் சென்றது.

நிற்க. ஜோர்ஜுக்கு மக்கட்பேறு இல்லை. 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இப்பெயர் தாங்கிய அமெரிக்கர் ஏறத்தாழ 163,000 பேர். அவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் கறுப்பின மக்கள். விடுதலைப் போர்த் தலைவர் தம் பதினொராவது வயதிலேயே பத்து அடிமைகளுக்கு உடையவரானவர். 1799இல் அவர் இறந்தபோது மவுண்ட் வேர்ணன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் தமக்கே உரியவரான 123 பேரையும், மனைவியின் காலத்திற்குப் பின் விடுவிக்குமாறு அவர் உயில் எழுதிவைத்தார்.

அதுவரை காத்திராதவன் ஹரி வாஷிங்டன். ஆபிரிக்காவின் கம்பியா நதியோரம் பிறந்து, அடிமையாய் விற்கப்பட்டு மவுண்ட் வேர்ணன் சேர்ந்த அவன், ஒருமுறை ஓடிப் பிடிபட்டான். எசமானர் சுதந்திரத்துக்காகப் போர் தொடுத்த காலத்தில் மீண்டும் ஓடி, பிரித்தானியப் படையிற் சேர்ந்தான். சுதந்திரம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அவனைக் கேட்டிருந்தால் அவன் விடை வேறாயிருந்திருக்கும். 1783இல் ஓடிய அடிமைகளை மீட்டுத் தருமாறு ஜோர்ஜ் வாஷிங்டன் நேரிற் கேட்டபோது, பிரித்தானியத் தளபதி கார்ல்டன் மறுத்துவிட்டார். நோவா ஸ்கோஷியா சென்ற கப்பலொன்றின் பதிவேட்டில் ஹரியின் பெயரும் இடம்பெற்றது. 1792இல் அவன் சியரா லியோனில் குடியேறினான். 1800இல் அங்கே கம்பனியார் விதித்த நிலவரியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தோருடன் நின்று, நாடு கடத்தப்பட்டான். வரியை எதிர்த்தெழுந்தவர் ஒரே பெயரில் இருவர். ஒருவருக்குத் தலைநகரம் கிடைத்தது, மற்றவனுக்குக் கிடைத்தது இதுதான்.

எனினும், இப்பெயர் கொண்டோர் யாவரும் மவுண்ட் வேர்ணன் வழியினர் அல்லர். 1865இல் அடிமைத்தளை அறுந்தபின் தாமே இதைச் சூடிக்கொண்டோர் பலர். அவர்களுள் ஒரு சிறுவன் பள்ளியில் முதன்முதலாகப் பெயர் அழைக்கும் வேளையில், ஏனைய பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர்கள் இருப்பதைக் கேட்டுத் திகைத்தான். தனக்கோ புக்கர் என்ற ஒன்றே. ஆசிரியர் தன்னிடம் வந்ததும், ‘புக்கர் வாஷிங்டன்’ என்று தயங்காமற் சொன்னான். அவனுடைய சிறிய தகப்பனின் இயற்பெயர் வாஷிங்டன் என்பதும் இங்கே கருதத்தக்கது.

அச்சிறுவனே 1881இல் டஸ்கிகீ கல்விநிலையத்தின் முதல் தலைவரானார். 1901 ஒக்டோபர் 16ஆந் திகதி சனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு இராப்போசனத்துக்கு அழைத்தார். வாஷிங்டன் நகரில், ஒருகாலத்தில் அடிமைகளும் உழைத்துக் கட்டிய அம்மாளிகையில், ஒரு வாஷிங்டன் விருந்தினராக அமர்ந்தார். செய்தி பரவியதும் தென் மாநிலப் பத்திரிகைகள் சினந்தெழுந்தன.