தறியும் தடையும்

வீடு வாழ்வதற்கு, தொழிலுக்கு இடம் வேறு! நாகரிக நகரின் இலக்கணம் இதுவே என்று நகரமைப்பு வல்லுநர்கள் நமக்கு ஓதுகின்றனர். பெசன்ட் நகரின் மரம் நிறைந்த நிழற்சாலைகளில் மாலை வேளையில் உலவுவோர்க்கு அந்த இலக்கணம் இனிக்கவும் செய்யும். அமைதியை விரும்பாதார் யார்? எனினும் தோழர்களே, ஒரு விதியைக் கண்டால், அதை எழுதியவர் யார், எந்நாளில் எழுதினார், எவருக்காக எழுதினார் என்று கேட்பது நம் வழக்கமன்றோ! அக்கேள்வியோடு சென்னையின் பழைய ஏடுகளைச் சற்றே புரட்டுவோம்.

1734ஆம் ஆண்டு. கோட்டையில் ஆளுநராக வீற்றிருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது துணி. துணிக்கு வேண்டியது நெசவாளி. கூவம் ஆறு வளைந்தோடும் இடத்தில், கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த சுங்குராமச் செட்டியாரின் கையிலிருந்த தோட்டத்தைக் கம்பெனி மீட்டுக்கொண்டது. மரங்கள் அடர்ந்து நிழல் தந்த அத்தோட்டத்தில் நூற்போர், நெய்வோர், துணிக்கு வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோரைக் குடியேற்றினர். பிறர்க்கு அங்கே இடம் அரிது. சின்னத்தறிப்பேட்டை என்று அதற்குப் பெயர். இன்று நாம் சிந்தாதிரிப்பேட்டை என்கிறோம். அங்கே வீடு எது, பட்டறை எது? கூடத்தில் தறி, திண்ணையில் நூல், தெருவில் பாவு! நெசவாளர் ஊர்களில் தெரு அகலமாக இருப்பதற்குக் காரணம் தேர் மட்டுமன்று, பாவு நீட்டவும் அகலம் வேண்டும்.

ஆக, வீட்டிலே தொழில் செய்வோர்க்கென்றே திட்டமிட்டுக் குடியிருப்பு அமைத்த நகரம் இது. கம்பெனிக்கு ஏழை மீது இரக்கம் பிறந்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம்! தறியின் ஓசை அன்று வெள்ளை வணிகனின் காதுக்கு வெள்ளிக்காசின் ஓசையாகக் கேட்டது. எனவே அது எவர் தூக்கத்தையும் கெடுக்கவில்லை.

அவ்வோசை தொல்லையாக மாறியது பின்னாளில். தொழிற்சாலைப் புகையில் திணறிய ஐரோப்பிய நகரங்கள், ஆலையை ஒரு பக்கமும் வீட்டை ஒரு பக்கமும் பிரிக்க முற்பட்டன. அதில் நியாயம் உண்டு. நச்சுப்புகைக்கு அருகே குழந்தையை உறங்க வைக்கும்படி எவரும் சொல்லார். ஆனால் அதே கோடு வேறு கைகளில் வேறு வேலை செய்ததையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில், மரக்கட்டடங்களில் சலவை நிலையம் நடத்த அனுமதி பெற வேண்டுமென்று 1880இல் ஒரு விதி வந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது தீ அச்சம். விண்ணப்பித்த சீனர் சுமார் 200 பேருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சீனரல்லாத 80 பேருக்கு, ஒருவர் நீங்கலாக, வழங்கப்பட்டது! தீக்கு நிறம் தெரியுமா? விதியின் சொற்களில் நிறம் இல்லை. அதைச் செயற்படுத்திய கைகளில் இருந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1886இல் அதைச் செல்லாதென்றது. ஊரென்றும் சேரியென்றும் கோடு கிழித்துப் பழகிய நாட்டில் பிறந்த நமக்கு இக்கதை புதிதன்று.

இங்கே நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்தது. மாம்பலம் ஏரியை வற்றச் செய்து, அந்த இடத்தில் புதியதோர் குடியிருப்பு எழுந்தது. அதற்குத் தியாகராயர் பெயர். அதன் நடுவே பனகல் அரசர் பெயரில் பூங்கா. நீதிக்கட்சியின் தலைவரான பிட்டி தியாகராயர் வடசென்னையில் தறிகளை ஓட்டிய நெசவுத் தொழிலர் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். தறியோடு வாழ்ந்தவரின் பெயர் தாங்கிய ஊர், தறியில்லாத வீடுகளின் ஊராகத் திட்டமிடப்பட்டது! பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. குடியிருப்பு கடைவீதியாயிற்று, ரங்கநாதன் தெருவில் தோள் இடியாமல் நடப்பதே அரிதாயிற்று.

பெசன்ட் நகரோ, வீட்டுவசதி வாரியம் 1970களில் உருவாக்கிய குடியிருப்பு. அன்னி பெசன்ட் அம்மையார் நீதிக்கட்சியை எதிர்த்தவர். தியாகராயர் அம்மையாரை எதிர்த்தவர். இருவர் பெயரும் இன்று பேருந்துப் பலகையில் அடுத்தடுத்து ஓடுகின்றன! அது கிடக்க. வாரியத்தின் மனைகள் எழுமுன்பே அக்கரையில் ஊரூர் இருந்தது; மீனவர் குப்பம் இருந்தது. வலை பின்னும் முற்றம், கருவாடு உலரும் மணல், மீன்கூடை இறங்கும் வாசல், இவற்றைக் கழித்துவிட்டால் குப்பத்தில் மிஞ்சுவது எது?

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976இலும், இரண்டாவது 2008இலும் நடைமுறைக்கு வந்தன. நிலத்தை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று பாகுபடுத்தினர். முதன்மைக் குடியிருப்பில் தொழிலே கூடாதென்று சொல்லிவிடவில்லை. அங்கே வசிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ தம் வீட்டில் ஆலோசனை அறை வைக்கலாம்; அன்றாடப் பொருள் விற்கும் சிறுகடை, மிதிவண்டி பழுது பார்க்கும் கடை, தையல் கடை ஆகியவற்றுக்கும் இடமுண்டு; குடிசைத் தொழிலுக்குக் குதிரைத் திறனில் வரம்பு. தாளிலே இது அறிவார்ந்த ஏற்பாடுதான், பாராட்டுவோம்.

நடப்பில் அவ்வரம்பு யாரைக் கட்டுகிறது? வீட்டின் முன்னறையில் இரவிக்கை தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார் பலரை எம் போன்ற ஆசிரியர்கள் அறிவோம். பெயர்ப்பலகை மாட்ட அவர்கள் அஞ்சுவர். மின்கட்டண விகிதம் மாறிவிடுமோ, பக்கத்து வீட்டார் மனுப் போடுவாரோ என்ற கவலை. மறுபக்கம் பாருங்கள். விதியை மீறி எழுந்த கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்று விலக்களிக்க, நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ என்றொரு பிரிவு 1998இல் நுழைந்தது. 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு மட்டும் என்றனர். பிறகு அந்த நாளையும் தள்ளிக்கொண்டே போயினர். அந்நீட்டிப்புகளை உயர் நீதிமன்றம் 2006இல் செல்லாதென்றது. 2012இல் 113-இ என்ற மற்றொரு பிரிவு முளைத்தது! பணமுடையான் மீறினால் அது 'வரன்முறை', ஏழை மீறினால் 'ஆக்கிரமிப்பு'. தமிழில் சொற்பஞ்சம் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று போலும்!

குடியிருப்போர் குறையையும் எளிதில் தள்ளலாகாது. வீடுகள் உணவகமாகி, நள்ளிரவு வரை வண்டிகள் வாசலை மறித்தால், முதியவர் எங்கே போவார்? தேர்வுக்குப் படிக்கும் மாணவன் என்ன செய்வான்? தியாகராய நகரில் 2017 மே 31 அன்று ஏழு மாடித் துணிக்கடையொன்று எரிந்தபோது சுற்றுவட்டாரமே நடுங்கியது. விதியே வேண்டாமென்போர் அந்தத் தீயையும் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே அளவுகோல் எது என்பதே வினா. ஓசை எவ்வளவு, புகை எவ்வளவு, கழிவு எங்கே போகிறது, எத்தனை வண்டி வந்து நிற்கிறது, வெளியாள் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்பனவற்றை அளக்கலாம். எண்ணி எழுதலாம். "இப்பகுதியின் தன்மை கெடுகிறது" என்ற சொற்றொடரை மட்டும் அளக்க முடியாது. அதனுள்ளே மீன்வாடை மீதுள்ள அருவருப்பும் ஒளியலாம், அவ்வருவருப்பின் பின்னே சாதியும் ஒளியலாம். சைவ உணவகத்தின் எண்ணெய்ப்புகையைத் தன்மைக்கேடாக எழுதி வாங்கிய மனு எத்தனை இருக்கும்?

வீட்டிலிருந்தே உழைப்போரின் உரிமை குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை இயற்றியது. இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை. கடற்கரைக்கென 2011இல் வந்த அறிவிக்கை, ஊர்ப்புறக் கரைகளை மூன்றாம் வகையாக்கி, அங்கே மீன் உலர்த்தும் களம், வலை செப்பனிடும் களம், படகு கட்டும் இடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லி அனுமதித்தது. நகர எல்லைக்குள் கட்டடம் நிறைந்த கரை இரண்டாம் வகை. அப்பட்டியல் மூன்றாம் வகைக்கு உரியது. நகரம் வளர்ந்து வந்து தன்னைச் சூழ்ந்துகொண்ட குற்றத்துக்காக ஒரு குப்பம் தன் முற்றத்தை இழக்க வேண்டுமா? அடுத்த முழுமைத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாளில், குப்பத்தின் களங்களையும் முற்றங்களையும் தெருத்தெருவாகக் குறித்து, அளவோடு எழுதி, ஆட்சேபணை மனுவாகக் கொடுக்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. படித்த இளைஞர்கள் உடன் அமர்ந்து எழுதட்டும். எந்தக் களம் எவருடையது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் கூடை சுமக்கும் பெண்கள்.